தானாக எடுக்கும் கமெரா

"பொலிஸ் பதிவிலை இந்த வீட்டுக்கு நாலு பேர். படத்திலையும் நாலு பேர். அப்ப இந்தப் படத்தை எடுத்தது ஆர்?"

கொழும்பு வெள்ளவத்தை வீட்டைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் சுவரில் தொங்கிய குடும்பப் படத்தைத் தட்டினார். நன்றாகவே தமிழ் கதைத்தார்.

மாமா தடுமாறினார். "கமெரா தானா எடுக்கும் ஐயா. லண்டனிலை இருந்து வந்த ஓட்டோமற்றிக்."

"அப்ப எடுத்துக் காட்டுங்கோ."

மாமா அதை ஒருநாளும் தொட்டதில்லை. எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

மச்சாள் அருந்ததி கமெராவை மேசையில் வைத்து எதையோ அமத்தினாள். நாலு பேரும் அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார்கள். கமெரா கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. நான் எண்ணினேன். பத்தாவது செக்கனில் பிளாஷ் அடித்தது.

"நல்ல கமெரா," என்றார் இன்ஸ்பெக்டர். ஜீப் போய்விட்டது.

மாமி அலுமாரியைத் திறந்து என்னை வெளியே இழுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். நான் எந்தப் பதிவிலும் இல்லை. சுவரில் தொங்கும் படத்தை எடுத்தவன் நான்தான்.

ஒரு மாதம் கழித்து, பிலிம் முடிந்து கழுவக் கொடுத்தோம். அன்றைய படத்தில் நாலு பேரும் சிரிக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், அலுமாரிக் கதவின் இடுக்கில், நான் உடுத்திருந்த நீலச் சாரத்தின் நுனி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது.

இன்ஸ்பெக்டர் கமெராவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

ஏன் பேசாமல் போனார் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் வாசலில் ஜீப் நின்றால் நான் பத்து வரை எண்ணுகிறேன்.