சொல்லக்கூடாத படகு

இதில் ஓர் எழுத்தாவது பொய் என்று யாராவது நிரூபித்தால், ராயபுரம் கடல் ஒரே மடக்கில் குடித்துக் காட்டப்படும். அவ்வளவு சத்தியம்.

பகல் மணி ஒன்றாகப் போகிறது. ஹில்டாவின் தம்பி இன்றைக்குச் சாகப் போகிறான். அவனைக் காப்பாற்ற ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொன்னால் ஹில்டாவுக்கு வேலை போய்விடும்.

அரசு வானொலியில் மீனவர்களுக்கான வானிலைச் செய்தியைப் பதினோரு வருடமாக வாசிப்பவள் ஹில்டா. அவள் கையில் அன்றைய எச்சரிக்கைத் தாள் இருந்தது. மாலை நான்கு மணிக்குக் கடல் பனைமர உயரம் எழும்பும், படகுகள் செல்ல வேண்டாம். காத்திவாக்கம் மீனவர் குப்பத்தில் தம்பி ஜெபின் இரண்டு மணிக்கெல்லாம் படகைத் தள்ளிவிடுவான்.

நிலைய அதிகாரி சண்முகவேல் தாளை வாங்கி, ‘படகு’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்தார்.

"அடுத்த வாரம் ஓட்டுப்பதிவு. வேட்பாளர் அப்பாவுவோட சின்னம் படகு. படகு வேண்டாம்னு அரசாங்க ரேடியோவே சொன்னா என்ன அர்த்தம்? நாம நடுநிலைம்மா."

"எங்க குப்பமே அப்பாவுவுக்குத்தான் சார் ஓட்டு போடப் போவுது. அதுக்கோசரம் படகுன்னு சொல்லாம? அவங்கோ இன்னா முறத்துலயா கடலுக்குப் போவாங்கோ?"

"‘கடற்கலம்’னு போடு. ‘கடற்கலங்கள் செல்லற்க.’"

"செல்லற்கவா? போவச் சொல்றாங்கன்னு நெனச்சி இன்னொரு வலையும் சேத்து எடுத்துகினு போவாங்கோ சார்!"

"மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன். திங்கட்கிழமை பதில் வந்துரும்."

"அதுக்குள்ள அடக்கமே முடிஞ்சிரும் சார்!"

சண்முகவேல் ‘கடற்கலம்’ என்று தாளில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

ஹில்டா ஜெபினுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வலையைப் பிரிக்கும் நேரத்தில் அவன் போனைத் தொடமாட்டான். ஆனால் பக்கத்தில் ரேடியோ ஓடும். அக்கா குரல் இல்லாமல் அவன் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை.

ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"கடற்கலங்கள் செல்லற்க," என்று வாசித்தாள். அந்தப் பக்கம் ஜெபின் சிரிப்பது காதில் விழுந்த மாதிரி இருந்தது. சட்டென்று தாளைக் கீழே வைத்தாள். நிலையம் சொன்னால்தானே பாரபட்சம்? தானே சொல்வதாகச் சொல்லிவிட்டால்?

"இது ரேடியோ சொல்றது இல்ல. என் சொந்தக் கருத்து. படகு வோணாம்! படகை நம்புனா உங்க குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும். யார் வந்து இன்னா சொன்னாலும் படகு பக்கமே போவாதீங்கோ. உங்க கால்ல வுழறேன்!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் வசீம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சுக்கா. இன்னாக்கா, கட்சி பேசிட்டே?"

"வானிலைதான்யா பேசுனேன்!"

"கேட்டுகினு இருந்த எனக்கே ஓட்டை மாத்திப் போடலாமான்னு கீது."

அவள் அறையை விட்டு வெளியே வருவதற்குள் சண்முகவேல் பணிநீக்கக் கடிதத்தை அடித்து முடித்திருந்தார். "சொந்தக் கருத்தா? அரசாங்க மைக்குல சொந்தமா தும்மக்கூடக் கூடாதும்மா."

ஹில்டா கடிதத்தைப் பார்க்கவே இல்லை. மறுபடியும் ஜெபினுக்குப் போட்டாள். ‘நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்.’ பதினாலு தடவை போட்டாள். பதினாலு தடவையும் அதே பெண் அதையே சொன்னாள். மணி இரண்டு அடித்தது. இரண்டரையும் ஆனது.

குப்பத்து முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராமசெல்வியைக் கூப்பிட்டாள். "செல்வி, கரையில யார்னா கீறாங்களா பாரு!"

"ஒரு ஆம்பள கூட இல்லக்கா. எல்லாம் ஒண்ணா கெளம்பிப் போயிட்டாங்க. உங்க தம்பிதான் முதல் ஆளு. போவாதன்னு சொன்னேன், கேட்டாத்தானே..."

மீதியைக் கேட்க ஹில்டாவால் முடியவில்லை. போனைத் துண்டித்தாள். நிலையத்து மாடிப்படியில் உட்கார்ந்து, தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னாள். பாதியில் மறந்துபோனதை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். வசீம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

மூன்றே முக்காலுக்கு வாசலில் பெருங்கூச்சல் கேட்டது. சேதி கொண்டுவந்துவிட்டார்கள். ஹில்டா காதைப் பொத்திக்கொண்டாள்.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்த வசீம் கத்தினார். "யக்கா! இங்க வந்து பாரேன்!"

கேட்டுக்கு வெளியே மூன்று குட்டி யானை சரக்கு வண்டிகள். மூன்றிலும் காத்திவாக்கத்து ஆம்பளைகள், நிற்க இடமில்லாமல். எல்லார் கையிலும் படகுச் சின்னம் போட்ட கொடி. முதல் வண்டியின் தலைமேல், கழுத்து நரம்பு புடைக்க நின்றுகொண்டிருந்தவன் ஜெபின்.

"படகைப் பழித்த ஹில்டா, ஒழிக!"

ஹில்டா சன்னல் கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "ஒழிகடா ராசா... அலை அடங்குற வரைக்கும் வுடாம சொல்லு."

அன்று மாலை கடலில் ஓர் அலைகூட எழவில்லை.