தகரக் கதவுச் சத்தம்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரக் கதவு காற்றில் அறைந்துகொள்ளும் சத்தம். முதலில் நெஞ்சில் ஒரு குத்து. அதன் வாலில் ஒரு சிலிர்ப்பு. பொகவந்தலாவையில் சிறுமியாகக் கேட்ட அதைத்தான் ஜெரோமி தன் பேஸ் கிட்டாரில் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை, நுவரெலியா ஹோட்டல் மண்டபத்தில் அது கிடைத்தது. கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் திருகுகளைக் காட்டி எடுத்துக் கொடுத்தவன் நிரஞ்சன்.

"மிட் திருகைக் குறைங்க தங்கச்சி. பேஸையும் ட்ரெபிளையும் கொஞ்சம் ஏத்துங்க. இப்ப கட்டைவிரலால அடிங்க."

அடித்தாள். தகரக் கதவேதான்.

"அண்ணே, இதேதான்!"

"அப்ப இப்படியே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே ஆம்ப்தானே."

ஹோட்டல் இசைக்குழுவில் ஒரே ஓர் இடம். கேட்டு வந்தவர்கள் இவர்கள் இருவர். கிடைக்காதவருக்குக் கொழும்பில் ஏதாவதொரு கடையில் வேலை.

"அவன்கிட்ட என்ன இளிப்பு?" என்றார் ஜெரோமியின் அப்பா பத்திநாதன். "போட்டிக்கு வந்தவன். போய் டீயைக் குடி. கிட்டாரை நான் பார்த்துக்கிறேன்."

தேநீர் முடிந்ததும் முதலில் நிரஞ்சனைக் கூப்பிட்டார்கள். ஆம்ப் பக்கத்தில் காவல் நின்ற பத்திநாதன் நகர்ந்து வழிவிட்டார்.

டிரம்ஸ் தொடங்கியது. நிரஞ்சனின் கட்டைவிரல் விழுந்தது. தொம். தொம்.

அவன் திரும்பி ஆம்பைப் பார்த்தான். பாட்டை நிறுத்த முடியாது. கடைசிவரை தொம் தொம்தான்.

"என்னப்பா, நனைஞ்ச கொழுந்துச் சாக்கை அடிக்கிற மாதிரி இருக்கு!" குழுத் தலைவர் செல்லசாமி உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த ஆள் வாங்க."

ஜெரோமி கிட்டாரை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். நிரஞ்சன் குனிந்து ஆம்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"டேய்! கையை எடுடா!" பத்திநாதன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். "நீ தோத்துட்டா என் புள்ளையும் தோக்கணுமா? பாருங்க மாஸ்டர், எப்பேர்ப்பட்ட பயன்னு!"

மண்டபமே அவனைப் பார்த்தது.

"நீங்களாண்ணே?" என்றாள் ஜெரோமி.

நிரஞ்சன் கடைசித் திருகையும் திருப்பிவிட்டுக் கையை எடுத்தான்.

"சண்டைய வெளியில வச்சுக்குங்க. நீ வாசிம்மா," என்றார் செல்லசாமி.

கட்டைவிரலால் அடித்தாள்.

தகரக் கதவு! அந்தக் குத்து, அந்தச் சிலிர்ப்பு. செல்லசாமியின் தலை தானாக ஆடத் தொடங்கியது.

சட்டையைப் பிடித்திருந்த பத்திநாதனின் கை தளர்ந்தது. "அப்ப... நீ எதுக்குடா அதைத் தொட்ட?"

மகளுக்குக் கேட்டுவிடாமல், அவர் காதருகே குனிந்தான் நிரஞ்சன்.

"என்னைக் கவுக்கத் திருகி வச்சீங்களே, அதே ஆம்ப்லதானே அங்கிள் தங்கச்சியும் வாசிக்கணும்?"

வேலை ஜெரோமிக்குக் கிடைத்தது. நிரஞ்சன் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான்.