முந்திக்கொண்ட டைமர்

“நேத்து ஏழு நிமிஷம், முந்தாநாள் பன்னிரண்டு. இன்னிக்கு எத்தனையாம்?” மேனேஜர் கேட்டதும், பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடினான் டிக்டிக்.

மூன்று வாரமாக டைமரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஆபீஸ் வைத்த பட்டப்பெயர் அது. கம்பெனியின் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில், அடிமடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் கெர்னலுக்கு அவன்தான் பொறுப்பு. மதியம் ஒரு மணிக்கு, நாலு மணி நேரம் என்று டைமர் வைத்தால் ஐந்துக்கு அடிக்க வேண்டும். அந்தச் சனியனோ தினம் ஒரு கணக்காக, ஐந்து ஆவதற்கு முன்பே அலறித் தொலைத்தது.

ஒத்துப்பார்க்க வேறு கம்ப்யூட்டரை நம்ப முடியாது, எல்லாமே அதே கெர்னலில் ஓடின. செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பாதுகாப்பு என்று வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி, அவன் தலைக்கு மேலே மாட்டியிருந்த சுவர்க்கடிகாரம்தான்.

புரோகிராமை வரிவரியாக அலசிவிட்டான், சிப்பைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டான். மேனேஜர் லீவு போட்ட இரண்டு நாள் மட்டும் டைமர் இம்மி பிசகவில்லை. மெஷினுக்கே அவரைக் கண்டால் உதறுகிறது போல என்று பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இன்னிக்கும் பிசகுச்சுன்னா, திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க மேனுவல் எழுதுற செக்‌ஷன்.” சொல்லிவிட்டு மேனேஜர் தன் அறைக்குப் போனார். எட்டு வருஷமாகக் கெர்னலைத் தவிர வேறெதையும் தொடாதவன் அவன்.

இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று ஒரு மணிக்கு டைமரைத் தட்டிவிட்டு, நாற்காலியில் பசைபோட்ட மாதிரி உட்கார்ந்தான். மூன்றரைக்கு மொத்த ஆபீஸும் வழக்கம்போல டீ குடிக்கக் கேன்டீனுக்குக் கிளம்பியது. ஒருநாளும் டீயைத் தவறவிடாத டிக்டிக், இன்றுதான் முதல்முறையாகப் போகவில்லை. டைமரும் கடிகாரமும் அதுவரை அண்ணன் தம்பி மாதிரி ஒற்றுமையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போது அட்டெண்டர் அண்ணன் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இவனைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு கடிகாரத்துக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

“தலையைக் கொஞ்சம் நகர்த்திக்குங்க சார். நீங்கல்லாம் சீக்கிரம் கிளம்பிடக் கூடாதுன்னு, தான் ஆபீஸ்ல இருக்குற நாளெல்லாம் டீ நேரத்துல முள்ளைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி, மறுநாள் காலையில சரிபண்ணி வைக்கச் சொல்லியிருக்காரு மேனேஜர்.”