தூங்கும் சங்கு

மெதெயின் நகரத்து மலைச்சரிவில் காலையிலிருந்து தூறிக்கொண்டே இருக்கிறது. ஓடைப் பாறையில் பொருத்திய கருவியின் பக்கத்தில் யாமிலேவும் எலியேசரும் அதைச் சோதித்துச் சோதித்துக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் கருவி சேதி அனுப்பும். கீழே செங்கல் வீடுகளுக்கு நடுவில் கம்பத்திலிருக்கும் அபாயச் சங்கு ஊதும். இரண்டுமே பேட்டரியை மிச்சம் பிடிக்க, சும்மா விட்டால் தூங்கிவிடுகிறவை. "எத்தன தடவ அடிச்சாலும் உடனே ஊதுது. ஊரே நம்மளத் திட்டுது. போதும் தாயே, கிளம்பலாம்" என்கிறான் எலியேசர், ஆரஞ்சை உரித்தபடி. "நாம எங்க அதத் தூங்க விட்டோம்? தட்டிக்கிட்டே இருந்தா எவனும் முழிச்சிட்டுத்தான் இருப்பான். வெள்ளம் ஒத்திக பாத்துட்டா வரும்?" யாமிலேவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆறிப்போன அரேப்பா என்ற சோள ரொட்டியைத் தின்று முடிக்கும்வரை இருவரும் கருவியைத் தொடவில்லை. பிறகு அவள் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்துகிறாள். அவன் தோலை ஓடையில் வீசுகிறான். செம்மண் தண்ணீரில் ஆரஞ்சு நிறம் புரண்டு புரண்டு இறங்குகிறது. முதல் வீட்டைத் தாண்டுகிறது. எலியேசர் சுளையை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்துகிறான். கம்பத்தடியில், ஓடையில் இறங்கும் படிக்கட்டில் நின்று வாளி கழுவும் பெண்ணின் காலில் தோல் போய் ஒட்டுகிறது. அவள் குனிந்து அதை எடுத்து எறிகிறாள். வாளியைக் கவிழ்த்து வைக்கிறாள். அதற்கப்புறம்தான் சங்கு ஊதுகிறது.