ஒரு மாதம் அணைத்த போன்கள்

லாரியைக் கண்டதும் தங்கமாரி குலவை போட்டாள். ஊருக்கு வெளியே, செல்போன் டவரின் கம்பி வேலி ஓரமாக லாரி நின்றது. பின்னாலேயே கூட்டம் ஓடியது.

"ஏ அனுசியா, சாதிச்சிட்டடீ! புது மிசினு வந்துருச்சு."

அனுசியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். ஒன்பதாவது மாதம். போன பிரசவத்தில் வலி எடுத்தபோது கரண்டு இல்லை. கரண்டு போனால் இந்தப் பழைய டவரும் செத்துவிடும். ஆம்புலன்சுக்கு அடித்த போன் போகவே இல்லை. ஆடு ஏற்றும் வண்டியில்தான் அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை வழியிலேயே செத்தது.

மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த பிறகுதான் அவள் அந்த யோசனையைச் சொன்னாள். "ஒரு மாசத்துக்கு ஊர்ல ஒருத்தரும் போனத் தொடக் கூடாது. வருமானம் நின்னா கம்பெனிக்காரன் தானா ஓடியாருவான்."

வீட்டுக்கு வீடு போனை அணைத்து வைத்தார்கள். பேசியே ஆகவேண்டும் என்றால் நரிக்குடிக்கு பஸ் ஏறி, அங்கே போய் போனைப் போட்டார்கள். முனீஸ்வரன் மட்டும் கண்மாய்க்குள் ஒளிந்து வீடியோ பார்க்கப் போனான். அவன் பொண்டாட்டியே காட்டிக்கொடுத்தாள்.

இரண்டு பேர் டவரில் ஏறினார்கள். லாரியில் மடித்த தார்ப்பாயும் கயிறும் கிடந்தன.

கீழே நின்ற சூப்பர்வைசர் கூட்டத்தைப் பார்த்து மிரண்டார். "இம்புட்டுப் பேரா இருக்கீக இங்க?"

"பின்ன, நாங்கள்லாம் என்ன பேயா?" என்றாள் தங்கமாரி. கூட்டம் சிரித்தது.

"அதுக்கில்லக்கா. புதுப் பொட்டிக்கு ஊரூருக்கு அடிதடி. ஆர்டர் போட்டா எட்டு மாசங்கிறாக."

"எனக்கு எட்டு மாசமெல்லாம் இல்லண்ணே," என்றாள் அனுசியா. "பத்து நாளுதான். அதுக்குள்ள சிக்னலு வந்துரும்ல?"

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார்.

மேலிருந்து ஒரு இரும்புப் பெட்டி கயிற்றில் ஆடி ஆடி இறங்கியது.

"பழச எறக்குறாகடீ," என்று தங்கமாரி எல்லோருக்கும் விளக்கினாள்.

அனுசியாவுக்குக் கண் கலங்கியது. "ஒரு மாசமா ஊரே போன ஆப் பண்ணி வச்சோம்ண்ணே. அதுதான் ஒங்க கம்பெனிக்கு ஒறைச்சிருக்கு."

"ஆப் பண்ணியா வச்சீக?"

சூப்பர்வைசர் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். இரண்டாவது பெட்டியும் லாரிக்குள் இறங்கியது.

"ஊரு காலியாயிருச்சுன்னுல்ல தாயி கம்ப்யூட்டர்ல காட்டுச்சு. இதக் கழட்டி நரிக்குடியில மாட்டச் சொல்லிட்டாக. அங்கதான் ஒரு மாசமா போனு தாங்கலயாம்."