மிச்சத் தோல்
தாய்லாந்தின் மகாச்சாய் துறைமுக இறால் கொட்டகை வாசலில், விரல் வைக்கும் வருகைப்பதிவு இயந்திரம் மூன்றாவது முறையாகச் சிவக்கிறது. ஏழு வருடமாக ஐஸ் தண்ணீரில் இறால் உரித்து உரித்து, மி சானின் விரல்களில் ரேகையே இல்லை. வெயிலுக்குக் கன்னத்தில் பூசிய தனாக்கா என்ற பர்மிய மரப்பட்டைக் குழம்பைத் தொட்டு விரலில் தேய்த்து, மறுபடி அழுத்துகிறாள். சிவப்புதான். "ரேகை எங்கக்கா போச்சு?" என்று இளிக்கிறான் மேற்பார்வையாளன் தவாட். "நேத்து கப்பல் ஏத்துன பெட்டியில தேடுங்க சார், இறாலோட போயிருக்கும்." என்கிறாள் மி சான். "இன்னைக்கு உன் பேரு ஏறாது, கூலியும் வராது. அதுக்காக வேலை நிக்கலாமா? உள்ள போ." தவாட் தன் ரேகை அழியாத விரலை வைக்கிறான். பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கிறது. மிச்சமிருக்கும் தோலோடு மி சான் உள்ளே போகிறாள்.