பிள்ளையாரிடம் போகும் மனு

போர்ட் கிள்ளான் லோரி யார்டின் வாசலில் இருக்கும் பிள்ளையார்மேல் காலை வெயில் சாய்வாக விழுகிறது. இந்தக் கம்பெனி ஒரு பெரிய கம்பெனியோடு இணைவதற்குச் சீக்கிரம் அனுமதி கொடுங்கள் என்று நேற்று அரசு ஆணையத்துக்கு மனு போயிருக்கிறது; இன்று பிள்ளையாரின் முறை. கற்பூரம் புகைகிறது. பின்னால் ஏதோ ஒரு லோரி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கிறது. முதலாளி ஜெகதீசன் தேங்காயை சூப்பர்வைசர் குணாளனின் கையில் வைக்கிறார். "நீங்கதான் இங்க சீனியர், குணா. நல்லா வேண்டிக்கிட்டு உடைங்க." அனுமதி வந்த கையோடு இந்த யார்டை மூடிவிடுவார்கள், தனக்கும் வேலை இருக்காது என்பது குணாளனுக்குத் தெரியும். போன வாரம் தோளில் கைபோட்டு அதைச் சொன்னவரும் இதே ஜெகதீசன்தான். தேங்காயின் குடுமி நார் உள்ளங்கையில் குத்துகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை நாள் விழுங்கியதையெல்லாம் சேர்த்து ஓங்கி அடிக்கிறார். தேங்காய் சுக்குநூறாகச் சிதறுகிறது. தண்ணீர் ஜெகதீசனின் காலில் பளபளக்கும் சப்பாத்தில் தெறிக்கிறது. அவர் கோபப்படவில்லை, கைதட்டுகிறார். "சூப்பர்லா! அப்ரூவல் வந்த மாதிரிதான்." ஒரு கையில் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இன்னொரு தேங்காயை நீட்டுகிறார். "வீடியோ எடுக்க மறந்துட்டேன், குணா. அதே மாதிரி இன்னொன்னு உடைங்க."